கோதுமை தோற்ற மண்ணில் பால் பெருகிய கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வண்டிகளின் எண்பலகையில் 1940 முதல் 'அமெரிக்காவின் பால் நாடு' என்ற வாசகம் இருந்துவருகிறது. மக்காச்சோளக் காடு, சிவப்புச் சாயம் பூசிய மாட்டுக்கொட்டகை, அதை ஒட்டி ஓங்கி நிற்கும் உருளை வடிவச் சைலோ, மேய்ச்சலில் கறுப்பு வெள்ளை மாடுகள். அந்த மாநிலத்தின் படங்களில் ஓயாமல் வரும் இந்தக் காட்சியைப் பார்ப்பவர்களுக்கு, குடியேறிகள் வந்திறங்கிய நாளிலிருந்தே ஊர் இப்படித்தான் இருந்தது என்று தோன்றும். மண் நல்ல மண், வந்தவர்கள் உழைப்பாளிகள், மாடு வளர்ப்பு அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். கேட்க இதமான இந்த விளக்கம் நடந்ததை மறைத்துவிடுகிறது. மக்காச்சோளமும் கறவை மாடும் சேர்ந்த அந்த வாழ்க்கை, வேறொரு விவசாயம் நொடித்துப்போன பிறகு, ஏறக்குறைய 1870க்கும் 1920க்கும் இடையில், கூடிப் பேசியும் அளந்து பார்த்தும் சட்டம் போட்டும் உண்டாக்கப்பட்டது. ஒருவர் வீட்டுப் பாலை இன்னொருவர் வீட்டுப் பாலோடு நம்பிக் கலக்கலாம் என்ற ஏற்பாடுதான் அதன் அடித்தளம். மண்ணும் இனமும் அதற்குப் பிறகுதான்.

அந்த மண்ணில் மாட்டைவிட மக்காச்சோளம் மூத்தது. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஹோ-சங்க், மெனோமினி மக்கள் மண்ணை மேடு கட்டி, மக்காச்சோளத்தோடு பீன்ஸும் பூசணியும் கலந்து விதைத்தார்கள். கதிருக்கு எட்டு வரிசையாகக் கெட்டி மணிகள் பிடிக்கும் வடக்கத்திய நாட்டுச் சோளம் அவர்களுடையது. குறுகிய கோடைக்குள் விளைந்துவிடும். அமெரிக்கச் சமவெளி முழுவதும் பின்னர் பரவிய மக்காச்சோள ரகங்கள், இந்த வடக்கத்தியச் சோளமும் தெற்கத்திய ரகமும் கலந்து பிறந்தவை. 1829, 1832, 1837 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் ஹோ-சங்க் மக்களின் நிலம் கைமாறியது. ராணுவம் அவர்களைப் பலமுறை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தியது. அவர்களில் பலர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்கள். விஸ்கான்சினின் பண்ணை மரபைப் பேசுபவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப்போக முடியாது. பால் பண்ணைகளின் முதலீடான நிலமும் விதையும் வேறு கைகளிலிருந்து வந்தவை.

அந்த நிலத்தில் குடியேறிகள் முதலில் விதைத்தது கோதுமை. நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்தவர்களும் ஜெர்மானியரும் நார்வேக்காரரும் அதையே நம்பினார்கள். புதுநிலத்தில் ஏர் ஓட்டி விதை தூவினால் காசு வந்தது, ஆள் கூலியும் குறைவு. ரேசின் நகரத்தில் கேஸ் என்பவரின் ஆலையில் கதிரடிக்கும் இயந்திரங்கள் தயாராகின. 1860களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகக் கோதுமையைக் கப்பலேற்றும் துறைமுகம் என்ற பெயர் மில்வாக்கிக்குக் கிடைத்தது. ஆனால் ஆண்டுதோறும் ஒரே பயிர், வயலுக்குத் திரும்பாத எரு என்று இருந்ததால் இருபது முப்பது ஆண்டுகளில் மண் சோர்ந்துபோனது. சின்ச் என்னும் சாறுறிஞ்சும் பூச்சி 1860களிலும் 70களிலும் வயல் வயலாக அழித்தது. துரு நோய் மிச்சத்தைத் தின்றது. மேற்கே மினசோட்டாவிலும் டகோட்டாவிலும் இன்னும் புதுநிலம் திறந்து, இருப்புப்பாதை வழியே மலிவான கோதுமை வந்து குவிந்தது. நொடித்தவர்களில் பலர் செய்தது என்னவென்றால், நிலத்தை விற்றுவிட்டு மேற்கே போய் அங்கும் கோதுமையையே விதைத்தார்கள். பால் பண்ணை அந்த மண்ணின் இயல்பான விதி என்று வாதாடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடிப்போவது அன்று எல்லோருக்கும் திறந்திருந்த வழி. தங்கியவர்கள் தங்குவதற்கு வேறொரு காரணத்தை உருவாக்க வேண்டியிருந்தது.

மண்ணும் தட்பவெப்பமும்தான் காரணம் என்பவர்களின் வாதத்தை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பனிப்பாறைகள் உருட்டிவிட்டுப்போன மேடு பள்ளமான நிலம், குளிர்ந்த கோடை, ஏராளமான புல், நீர் எல்லாம் மாட்டுக்கு ஏற்றவைதான். ஆனால் அதே தட்பவெப்பம் பால் தொழிலுக்கு எதிரியாகவும் இருந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேய்ச்சல் கிடையாது. காய்ந்த புல்லை மட்டும் தின்ற மாடு குளிர்காலத்தில் பால் வற்றி எலும்பும் தோலுமாக நின்றது. ஆண்டில் ஏழெட்டு மாதம் மட்டும் பால் தரும் மாட்டை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, ஆலையும் நடத்த முடியாது. மக்காச்சோளமோ வடக்கு மாவட்டங்களில் மணி முற்றுவதற்குள் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டு குறைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி விடை கண்டதுதான் சைலோ. மணி முற்றக் காத்திராமல், பால் பிடித்து இறுகும் பருவத்திலேயே தட்டையும் கதிருமாகச் செடியை முழுசாக வெட்டி, பொடியாக நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி அடைத்துவிட்டால் அது புளித்துப் பதப்படும். நம் கால்நடைத் துறையினர் ஊறுகாய்ப் புல் என்று சொல்லித்தருவது இதைத்தான். சனவரி மாதக் கடுங்குளிரிலும் மாட்டுக்கு ஈரமான, சாறுள்ள தீவனம் கிடைத்தது. மாடு இலையுதிர்காலத்தில் கன்று ஈன்று, வெண்ணெய் விலை ஏறியிருக்கும் குளிர்காலம் முழுவதும் கறந்தது.

சைலோ தானாக முளைத்துவிடவில்லை. பிரான்சில் ஓகுஸ்ட் கோஃபார் இந்த முறையைப் பற்றி 1877இல் எழுதிய நூல் அமெரிக்காவில் பேசப்பட்டது. அதற்கு முன்பே, 1873இல், விஸ்கான்சினின் தெற்கு எல்லையை ஒட்டிய இல்லினாய் மாவட்டமான மக்ஹென்றியில் ஃபிரெட் ஹாட்ச் தன் கொட்டகைக்குள் நிமிர்ந்த சைலோ ஒன்றைக் கட்டியிருந்தார். மேடிசன் பல்கலைக்கழகத்தில் வேளாண் பேராசிரியர் ஹென்றி 1881இல் சோதனைச் சைலோ அமைத்தார். விவசாயிகள் அஞ்சினார்கள். புளித்த தீவனம் மாட்டின் பல்லைக் கொட்டச் செய்யும், குடலை அரித்துவிடும், பாலில் நாற்றம் ஏறும் என்று பேச்சு பரவியது. செறிபால் ஆலைகள் சில, சைலோ தீவனம் தின்ற மாட்டின் பாலை வெகு காலம் வாங்க மறுத்தன. அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. முதலில் கட்டிய சதுரச் சைலோக்களின் மூலைகளில் தீவனம் சரியாக அமுங்காமல் காற்று தங்கி அழுகியது. மண் இயற்பியல் பேராசிரியர் ஃபிராங்க்ளின் ஹிராம் கிங் பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்த்து, மூலையே இல்லாத வட்டச் சைலோவைப் பரிந்துரைத்தார். பின்னாளில் சீனா, கொரியா, ஜப்பான் உழவர்களிடம் எருவைப் பேணும் வழிகளைக் கற்று எழுதியவரும் இவரேதான். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்ப வேண்டும் என்ற கவலை அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. 1920களின் நடுவில் விஸ்கான்சினில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சைலோக்கள் நின்றன. நறுக்கும் இயந்திரத்தைத் தனியொருவர் வாங்குவது கட்டாது. அண்டை வீட்டார் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொண்டு, செப்டம்பரில் வரிசை வைத்து ஒவ்வொருவர் சைலோவாக நிரப்பிக்கொடுத்தார்கள். கூலிக்குப் பதில் கைமாற்று உழைப்பு; எந்த வீட்டில் வேலையோ அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் சமைத்தார்கள்.

தீவனத்துக்கு வழி பிறந்தது. அடுத்த சிக்கல் இன்னும் கடினமானது. 1864இல் ஃபான் டு லாக் மாவட்டத்து லடோகாவில் செஸ்டர் ஹேசன் சீஸ் ஆலை தொடங்கியபோது, பல பண்ணைகளின் பாலை ஒரே தொட்டியில் ஊற்றுவது புதுப் பழக்கம். அதற்கு முன் அவரவர் வீட்டில் அவரவர் பாலைக் காய்ச்சி உறையவைத்தார்கள். ஒரே தொட்டி என்றதும் ஒரு கேள்வி வந்தது. எடைக்கு விலை என்றால், கொழுப்பு மிகுந்த பால் தருபவருக்கும் தண்ணீர் விட்டவருக்கும் ஒரே காசு. ஏடெடுத்துவிட்டு ஊற்றியவரும் அதே காசை வாங்கினார். நேர்மையானவர் ஒவ்வொரு நாளும் நட்டப்பட்டார். நல்ல மாடு வளர்ப்பதில் லாபமே இல்லாமல் போனது. பால்மானி தண்ணீரைக் காட்டும், ஆனால் ஏடும் எடுத்துத் தண்ணீரும் சேர்த்தால் அதை ஏமாற்றிவிடலாம். இதற்கு விடை 1890இல் மேடிசன் ஆய்வு நிலையத்திலிருந்து வந்தது. வேதியியலர் ஸ்டீபன் பாப்காக், கழுத்தில் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குப்பியில் பாலை அளந்து ஊற்றி, அடர் கந்தக அமிலம் சேர்த்தார். கொழுப்பைத் தவிர மற்றதெல்லாம் கரைந்தது. குப்பியைச் சுழற்றி, வெந்நீர் விட்டு மறுபடி சுழற்றினால் கொழுப்பு கழுத்தில் ஏறி நிற்கும். எத்தனை சதவீதம் என்று கண்ணாலேயே படிக்கலாம். பல்கலைக்கழகத் தொழுவத்தில் சில்வியா என்ற ஒரே ஒரு மாட்டின் பாலுக்கு அவருடைய முந்தைய முறை சரிவரவில்லை என்பதால், அது சரியாகும்வரை அவர் முறையை வெளியிடாமல் வைத்திருந்தார் என்று சொல்வார்கள். காப்புரிமையும் வாங்கவில்லை. எந்த ஆலைக்காரரும் யாருக்கும் காசு கொடுக்காமல் அதைப் பயன்படுத்தலாம் என்றானது.

அந்தக் குப்பி ஊர்களின் உறவையே மாற்றியது என்று சொல்வது மிகையாகாது. பாலுக்குக் கொழுப்பின்படி விலை என்றானதும் தண்ணீர் கலப்பதால் பயனில்லை. அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கும் தேவையும் குறைந்தது. சந்தேகம் தீர்ந்த இடத்தில்தான் கூட்டுறவு ஆலைகள் பெருகின. குதிரை வண்டியில் காலைப் பாலைக் கொண்டுபோகும் தூரத்துக்கு ஒன்றாக, 1920களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 2,800 சீஸ் ஆலைகள் இருந்தன. அதே குப்பி தொழுவத்துக்குள்ளும் நுழைந்தது. 1905இல் மிச்சிகனில் தொடங்கி விஸ்கான்சினுக்கும் வந்த மாட்டுச் சோதனைச் சங்கங்கள், மாதம் ஒருமுறை ஆள் அனுப்பி ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியே அளந்து பதிந்தன. எந்த மாடு தின்பதைவிடக் குறைவாகத் தருகிறது என்பது உரிமையாளருக்கு முதல்முறையாகத் தெரிந்தது. இந்தச் செய்தி தமிழ்நாட்டுக்கும் அந்நியமானதில்லை. நம் கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். மின்னணுக் கருவிகள் வருமுன் அங்கே பயன்பட்டது, பாப்காக்குக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்துச் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் வகுத்த, அதே அமிலமும் சுழற்சியும் கொண்ட சோதனை.

வந்தேறிகளின் குலமரபே காரணம் என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சுவிஸ்காரர்கள் 1845இல் நிறுவிய நியூ கிளாரஸ் ஊரை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்த அந்தச் சுவிஸ்காரர்களும் முதல் இருபது ஆண்டுகள் கோதுமைதான் பயிரிட்டார்கள்; கோதுமை கைவிட்ட பிறகே சீஸ் ஆலைக்குத் திரும்பினார்கள். மேற்குப் பள்ளத்தாக்குகளில் நார்வேக்காரர்கள் பலர் கோதுமைக்குப் பின் புகையிலையைப் பிடித்தார்கள். ஒரே இனம், வேறு வேறு தொழில்கள். சீஸ் செய்யும் கைத்திறன் ஐரோப்பாவிலிருந்தும் நியூயார்க் மாநிலத்திலிருந்தும் வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைத்திறன் மூட்டையில் கட்டிக் கொண்டுவரக்கூடியது. சந்தையும் ரயில் கட்டணமும் நேர்மையும் அப்படி வருவதில்லை. அவற்றை உண்டாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வில்லியம் டெம்ஸ்டர் ஹோர்ட். நியூயார்க்கில் பிறந்து பண்ணை வேலை கற்று, ஃபோர்ட் அட்கின்சன் ஊரில் செய்தித்தாள் நடத்தியவர். 1872இல் வாட்டர்டவுனில் சிலரோடு கூடி மாநிலப் பால் பண்ணையாளர் சங்கத்தைத் தொடங்கினார். குளிரூட்டிய ரயில் பெட்டியில் நியூயார்க்குக்குச் சீஸ் அனுப்பப் பவுண்டுக்கு ஒரு சென்ட் என்று கட்டணம் பேசி முடித்தார். 1885இல் பால் பண்ணையாளர்களுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கி, மந்தைகளின் வரவு செலவுக் கணக்கை வெளியிட்டு, நட்டத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு அதை எடுத்துச் சொன்னார். 1889இல் மாநில ஆளுநருமானார்.

ஆனாலும் ஒருவரின் பெருமையாக இதை முடித்துவிடுவது பிழை. நேர்மை அந்த மக்களின் பிறவிக் குணம் என்பதும் பிழை. 1880களிலும் 90களிலும் விஸ்கான்சின் ஆலைகள் பல, பாலின் கொழுப்பை வெண்ணெய்க்கு எடுத்துக்கொண்டு, ஏடெடுத்த பாலில் பன்றிக் கொழுப்பைக் கலந்து சீஸ் என்று விற்றன. இங்கிலாந்தின் வணிகர்கள் கண்டுபிடித்தார்கள், ஏற்றுமதி சரிந்தது, நல்ல சீஸ் செய்தவர்களின் பெயரும் சேர்ந்து கெட்டது. 1889இல் உருவான பால், உணவு ஆணையர் பதவியும், கொழுப்பு அடைத்த சீஸைத் தடைசெய்த 1895ஆம் ஆண்டுச் சட்டமும்தான் அதை நிறுத்தின. சட்டம் எப்போதும் நியாயத்தின் பக்கமே நின்றதென்றும் சொல்ல முடியாது. மஞ்சள் நிறமூட்டிய மார்கரினை அதே 1895இல் தடைசெய்து, 1967வரை அந்தத் தடையைத் தொடர்ந்தது, ஏழை வீட்டின் செலவில் பால் பண்ணையைக் காத்த செயல். இன்னொரு விலையையும் கணக்கில் எழுத வேண்டும். ஆலைகள் வருமுன் வெண்ணெயும் சீஸும் பெண்களின் வேலை, பெரும்பாலும் பெண்களின் கைக்காசு. ஆலை வந்து அந்தக் கடும் உழைப்பிலிருந்து அவர்களை விடுவித்தது உண்மை. பால் காசோலை ஆண்களின் பெயருக்கு வந்ததும் உண்மை.

இந்த ஏற்பாடுகள் எவ்வளவு உறுதியானவை, எங்கே பலவீனமானவை என்பதை 1933ஆம் ஆண்டு இரண்டு பக்கமும் காட்டியது. பெருமந்தத்தில் பால் விலை 1929இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. நகரத்தில் குடிக்கும் பாலுக்கு ஒரு விலை, சீஸ் ஆலைக்குப் போகும் பாலுக்கு அதைவிடக் குறைந்த விலை என்ற பிரிவு விவசாயிகளையே இரண்டாக்கியது. அந்த ஆண்டு பிப்ரவரி, மே, நவம்பர் என மூன்று முறை வேலைநிறுத்தம் நடந்தது. சாலைகளை மறித்தார்கள், பாலைக் கொட்டினார்கள். ஆளுநர் படையை இறக்கினார், கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, உயிர்களும் போயின. கொழுப்பை அளக்கும் குப்பி அண்டை வீட்டாருக்கிடையே நியாயம் செய்ததே தவிர, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே அதனால் எதுவும் செய்ய முடியவில்லை. அதே 1933இல் மாநிலத்தின் மேற்கே கூன் பள்ளத்தாக்கில் வேறொன்று நடந்தது. செங்குத்தான சரிவுகளில் மேலும் கீழுமாக ஏர் ஓட்டி மக்காச்சோளம் போட்டதால் மண் கரைந்து, ஓடைகள் பெரும் பள்ளங்களாகியிருந்தன. கூட்டாட்சி அரசின் மண்ணரிப்புத் துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அமெரிக்காவின் முதல் நீர்ப்பிடிப்பு மண் பாதுகாப்புத் திட்டத்தை அங்கே தொடங்கின. நானூறுக்கும் மேற்பட்ட விவசாயிகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, சம உயரக் கோட்டில் மக்காச்சோளம், ஓட்ஸ், குதிரைமசால் என்று பட்டை பட்டையாக விதைத்தார்கள். செங்குத்துச் சரிவுகளுக்கு வேலி போட்டு மாட்டைத் தடுத்தார்கள். வானிலிருந்து பார்த்தால் இன்றும் தெரியும் அந்த வளைந்த பட்டைகளை மரபு என்று படமெடுக்கிறார்கள். அவற்றின் வயது நூறுகூட இல்லை.

இனிச் சரிவுக்கு வருவோம். 1950இல் விஸ்கான்சினில் ஏறத்தாழ 1,40,000 பண்ணைகள் பால் கறந்தன. 2023இல் அந்த எண்ணிக்கை 6,000க்கும் கீழே. பாலோ 1950இல் கறந்ததைப் போல இரு மடங்கு, ஆண்டுக்குச் சுமார் 3,200 கோடி பவுண்டு. 1993இல் பால் உற்பத்தியில் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. பெரிய கொட்டகைகளில் கறக்கும் வேலையை இப்போது மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கும் உரிமைப் பத்திரம் கிடையாது. இந்தச் சரிவு அறிவியல் வளர்ச்சியின் தவிர்க்க முடியாத விளைவு, சைலோவைக் கொண்டுவந்த அதே பல்கலைக்கழகம்தான் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தையும் பெரிய மந்தையையும் கொண்டுவந்தது என்று வாதிடலாம். வலுவான வாதம்தான். ஆனால் ஒவ்வொரு புதுமையும் ஒரே திசையில் வேலை செய்யவில்லை. பாப்காக்கின் குப்பி ஐந்து மாடு வைத்திருந்தவருக்கும் ஐம்பது மாடு வைத்திருந்தவருக்கும் ஒரே செலவில் ஒரே நியாயத்தைத் தந்தது. 1950களில் வந்த குளிர்த்தொட்டி அப்படியல்ல. கேனில் பால் எடுக்க ஆலைகள் மறுத்தபோது, தொட்டி வாங்கப் பணமில்லாதவர் மாட்டை விற்க வேண்டியதாயிற்று. எந்தக் கருவிக்கு யார் விலை கொடுப்பது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. எல்லைக்கு அப்பால் கனடா 1970களின் தொடக்கத்திலிருந்து பால் உற்பத்திக்கு உச்சவரம்பு வைத்து விலையைக் காத்தது. அங்கேயும் பண்ணைகள் ஏராளமாக மறைந்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதே கருவிகளும் அதே ஹோல்ஸ்டீன் மாடுகளும் இருந்தும் அங்கே பண்ணைக்குச் சராசரி மந்தை நூறு மாடுகளை ஒட்டியே நிற்கிறது. விஸ்கான்சினில் அது இருநூறைத் தாண்டிவிட்டது.

ஆகவே எதைப் பேணுவது என்ற கேள்வியில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. கொட்டகைகளையும் கல் சைலோக்களையும் பாதுகாக்கச் செலவிடுகிறார்கள், நல்லது. அதே அக்கறை கூட்டுறவு ஆலைகளின் கூட்டக் குறிப்பேடுகளுக்கும், மாட்டுச் சோதனைச் சங்கங்களின் பதிவேடுகளுக்கும், சைலோ நிரப்பும் குழுக்கள் யார் எத்தனை நாள் உழைத்தார் என்று எழுதிவைத்த நோட்டுகளுக்கும் கிடைக்க வேண்டும். அந்தச் சமூகம் எப்படி நடந்தது என்பதற்கு அவையே நேரடிச் சான்று. அந்த முறை முற்றிலும் செத்துவிடவும் இல்லை. கூன் பள்ளத்தாக்குக்கு அருகிலுள்ள லாஃபார்ஜ் ஊரில் 1988இல் சில விவசாயிகள் சேர்ந்து, உறுப்பினருக்குக் கொடுக்கும் விலையைத் தாங்களே கூடி முடிவுசெய்யும் இயற்கை வேளாண் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். அது இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. 2022இல் வடகிழக்கு மாநிலங்களின் சிறு பண்ணைகளைப் பால் வாங்கும் நிறுவனங்கள் கைவிட்டபோது, அவற்றில் பலவற்றைச் சேர்த்துக்கொண்டது அந்தக் கூட்டுறவுதான்.